ஒரு லட்சத்துக்குள் பழைய கேமராவும் நீள லென்ஸும்: வேட்டங்குடி நாரைக்கும் கண்மாய் மீன்கொத்திக்கும் எது சரிப்படும்?

செம்மண்:
வணக்கம். கேள்வி நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க.

கையில இருக்கறது ஒரு லட்சம். புதுசு வாங்கக் கட்டாது, அதனால பழசுதான். எடுக்கப் போறது காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்துல. மழை பெஞ்சு தண்ணி நிக்கிற மாசங்கள்ல வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், மத்த நாள்ல ஊர்க் கண்மாய் மீன்கொத்தி, கரண்டுக் கம்பிப் பனங்காடை, கருவேலங்காட்டுக் கவுதாரி. மலைக்குப் போற எண்ணம் இல்ல.

மூணு செட்டு விலைக்கு வந்திருக்கு, விலையும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

முதல் செட்டு நிக்கான் டி500, கூட 300 மி.மீ. எஃப் 4 ஏ.எஃப்-எஸ், வி.ஆர் (கை ஆட்டத்தை அடக்கற ஸ்டெபிலைசர்) இல்லாத பழைய மாடல். ஷட்டர் 1,40,000 தடவை ஓடியிருக்கு.
ரெண்டாவது நிக்கான் டி7200, கூட 200-500 எஃப் 5.6. ஷட்டர் 38,000. பில், பெட்டி ரெண்டும் இருக்கு.
மூணாவது கேனான் 7டி மார்க் 2, கூட 400 எஃப் 5.6 எல். ஷட்டர் எவ்வளவுன்னு விக்கிறவருக்கே தெரியல.

டி500தான் பெரிய பாடின்னு எல்லாரும் சொல்றாங்க. அதையே எடுத்துடலாமா? நேர்ல பார்க்கும்போது என்னென்ன சோதிக்கணும்?

கண்மாய்க்கரை:
தம்பி, பாடியை ஓரமா வைங்க, முதல்ல தூரத்தைக் கணக்குப் போடுங்க. பறவையோட உயரத்தை லென்ஸ் மி.மீ.யால பெருக்கி, தூரத்தால வகுத்தா சென்சார்ல விழற உருவத்தோட அளவு வந்துடும்.

நத்தைகுத்தி நாரை நின்னா சுமார் 68 செ.மீ. கரையில இருந்து கண்மாய்க்குள்ள நிக்கிற கருவேல மரம் 60 மீட்டர்னு வைங்க. 500 மி.மீ. லென்ஸ்ல நாரை சென்சார்ல 5.7 மி.மீ. உயரம் விழும். டி7200 சென்சாரோட உயரம் 15.6 மி.மீ., அதுல 4000 பிக்சல். அப்ப நாரை 1450 பிக்சல் உயரம் வரும். அதே நாரை டி500-ல 300 மி.மீ. போட்டா 800 பிக்சல்தான். 7டி மார்க் 2, 400 மி.மீ.ன்னா 1100.

1450-க்கும் 800-க்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் பரப்புல மூணு மடங்குக்கு மேல. டி500 எவ்வளவு நல்ல பாடியா இருந்தாலும் இந்த இழப்பை அதால ஈடுகட்ட முடியாது. வேட்டங்குடி மாதிரி இடத்துல பறவை நம்மகிட்ட வராது, நாமளும் தண்ணிக்குள்ள இறங்கக் கூடாது. அங்க மி.மீ.க்கு மாத்து கிடையாது. என் ஓட்டு ரெண்டாவது செட்டுக்கு.

பனங்காடை:
கணக்கு சரி, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கீங்க அண்ணே. மரத்தில் நிற்கும் நாரைக்கு அது பொருந்தும். மாலையில் கூட்டத்துக்குத் திரும்பும் நாரை, கம்பியிலிருந்து விருட்டென்று கிளம்பும் பனங்காடை, இவற்றுக்கு 7டி மார்க் 2 – 400 செட்டின் வேகம் தனி. அந்த லென்ஸ் 1250 கிராம். 200-500 டிரைபாட் மாட்டும் காலரோடு 2300 கிராம். அரை மணி நேரம் கையில் தூக்கி வானத்தைப் பார்த்து நின்றால் அந்த ஒரு கிலோவின் கனம் புரியும். 400-இல் ஃபோகஸ் மோட்டார் சட்டென்று ஓடும், ஃபோகஸ் தேடும் தூரத்தைச் சுருக்கும் லிமிட்டரை 8.5 மீட்டருக்குத் தள்ளிவிட்டால் இன்னும் வேகம். பாடி நொடிக்கு 10 படம், 65 ஃபோகஸ் புள்ளி, அத்தனையும் கிடை, நெடுக்கு இரண்டு கோட்டையும் பிடிக்கும் கிராஸ் வகை. டி7200 நொடிக்கு 6 படம்தான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 400-இல் ஸ்டெபிலைசர் கிடையாது. பறக்கும் பறவைக்கு எப்படியும் 1/2000 வைப்போம், அங்கே அது தேவையில்லை. விடியற்காலை மங்கல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/250 வேண்டுமென்றால் மோனோபாட் இல்லாமல் முடியாது. 3.5 மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது, அதனால் தேன்சிட்டு பக்கத்தில் வந்தால் பின்னால் நகர வேண்டும். ஐ.எஸ்.ஓ 3200-க்கு மேல் போனால் டி7200 படம் இதைவிடச் சுத்தம்.

செம்மண் தம்பி, எடுக்கப் போவதில் பறப்பது எவ்வளவு, உட்கார்ந்திருப்பது எவ்வளவு என்று சொல்லுங்கள்.

செம்மண்:
உட்கார்ந்திருக்கறது முக்கால்வாசி இருக்கும் அக்கா. பறக்கறது ஆசை, ஆனா முதல்ல பறவையை அடையாளம் தெரியற மாதிரி கூர்மையா எடுக்கக் கத்துக்கணும்.

அப்ப டி500 வேண்டாமா? 1,40,000 ஷட்டர்ங்கறதும் பயமா இருக்கு.

ஸ்க்ரூ டிரைவர்:
மதுரையில் கேமரா பழுது பார்க்கும் வேலை. அந்தக் கோணத்தில் மட்டும் சொல்கிறேன்.

டி500-க்கும் 7டி மார்க் 2-க்கும் ஷட்டர் 2,00,000 முறை இயங்கும் என்று சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். டி7200-க்கு 1,50,000. அந்த எண் வந்தவுடன் நின்றுவிடும் என்பதில்லை. சில அதற்கு முன்பே போகும், சில அதைத் தாண்டி ஓடும். பறவை எடுப்பவர்கள் தொடர்ச்சியாகச் சுடுவதால் எண்ணிக்கை வேகமாக ஏறும். 1,40,000 ஓடிய டி500 விலை குறைவாக இருந்து, ஷட்டர் மாற்றும் செலவையும் ஒதுக்கி வைத்தால் மோசமில்லை. என் கவலை அந்த 300 எஃப் 4 ஏ.எஃப்-எஸ் பற்றித்தான்.

அது 2000-இல் வந்த லென்ஸ். படத் தரம் இன்றைக்கும் அருமை. ஆனால் அந்தக் கால ஏ.எஃப்-எஸ் மோட்டார் வயதானால் கீச்சென்று கத்தத் தொடங்கும். வெயில் ஏறியதும் சத்தம் அடங்கும், மறுநாள் குளிரில் மறுபடி வரும். “சத்தம்தான், ஃபோகஸ் ஆகுது” என்று சொல்லி விற்பார்கள். அந்தச் சத்தம் மோட்டார் தேய்வதன் அறிகுறி. ஒருநாள் நின்றால் மாற்று மோட்டார் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் லென்ஸ் விலையில் பெரும்பங்கு போய்விடும்.

கேனான் 400 எஃப் 5.6 அதைவிடப் பழசு, 1993. உற்பத்தியும் நின்றுவிட்டது. ஆனால் அதற்குள் ஸ்டெபிலைசர் இல்லை, ஜூம் இல்லை, கெட்டுப்போகும் பாகங்களே குறைவு. வயதான லென்ஸில் அது பெரிய பலம். நிக்கான் 200-500 வந்தது 2015-இல், மூன்றில் இளையது அதுதான்.

ஷட்டர் எண்ணிக்கை பார்க்கும் முறை: நிக்கானில் கேமராவிலிருந்து நேராக எடுத்த ஜேபெக் கோப்பின் எக்ஸிஃப் தகவலிலேயே இருக்கும். திருத்திச் சேமித்த படத்தில் அது அழிந்திருக்கலாம், அதனால் உங்கள் கண்முன் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கேனான் 7டி மார்க் 2 படத்தில் அதை எழுதாது. யு.எஸ்.பி. கம்பியால் கணினியில் இணைத்து, அதற்கான மென்பொருள் வழியாகத்தான் படிக்க வேண்டும். விற்பவருக்குத் தெரியவில்லை என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

தேவகோட்டை ரஸ்தா:
நான் வேற பாதை சொல்றேன். இன்னும் எதுக்கு கண்ணாடி வெச்ச எஸ்.எல்.ஆர்? மிரர்லெஸ் பாடி பழசாவே வர ஆரம்பிச்சாச்சு. பறவையோட கண்ணை அதுவே தேடிப் பிடிக்கும். ஃபோகஸ் சென்சார்லயே அளக்கறதால முன்ன பின்ன விழற தொல்லை கிடையாது. கேனான் ஆர்10 பாடியும், கேனான் எஸ்.எல்.ஆரோட இ.எஃப் லென்ஸை மாட்ற அடாப்டரும், அந்த 400 எஃப் 5.6-ம் சேர்ந்தா பிரமாதமான செட்டு. இ.எஃப் லென்ஸ் கேனான் அடாப்டர்ல சொந்த லென்ஸ் மாதிரியே ஓடும்.

கண்மாய்க்கரை:
தம்பி சொல்றது தப்பில்ல, ஆனா ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஆர்10 பாடிக்குள்ள ஸ்டெபிலைசர் இல்ல, 400 லென்ஸ்லயும் இல்ல. ஆர்7-ல உண்டு, ஆனா பாடி, அடாப்டர், லென்ஸ் மூணும் சேர்ந்தா ஒரு லட்சம் தாண்டிடும். ரெண்டாவது, மின்னணு ஷட்டர்ல ஓடின படம் மெக்கானிக்கல் எண்ணிக்கையில சேராது. பழைய மிரர்லெஸ் பாடி எவ்வளவு உழைச்சிருக்குன்னு அந்த எண்ணை மட்டும் வெச்சுச் சொல்ல முடியாது.

நிக்கான்ல மிரர்லெஸ் போறவங்களுக்கு ஒண்ணு: எஸ்.எல்.ஆர் லென்ஸை மாட்ற எஃப்.டி.இசட் அடாப்டர்ல மோட்டார் கிடையாது. திருகாணியால ஓடற பழைய ஏ.எஃப்-டி லென்ஸ் அதுல கையால்தான் ஃபோகஸ். சிக்மா, டாம்ரான் 150-600 போட்டா லென்ஸோட ஃபர்ம்வேர் புதுசா இருக்கணும், இல்லன்னா ஓடாம அடம்பிடிக்கும். வாங்கறதுக்கு முன்னாடி உங்க அடாப்டரோட மாட்டிப் பாருங்க.

நாரைக்கணக்கு:
சிக்மா, டாம்ரான் பேச்சு வந்ததால் ஒரு வரி. இதே விலையில் அவற்றின் 150-600-உம் வரும். சிக்மா கன்டெம்பரரி 1930 கிராம், ஸ்போர்ட் 2860 கிராம். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் விளம்பரத்தில் குழப்புவார்கள். ஃபில்டர் அளவு கேளுங்கள், 95 மி.மீ. என்றால் கன்டெம்பரரி, 105 என்றால் ஸ்போர்ட். கூடவே லென்ஸைக் கணினியில் இணைக்கும் யு.எஸ்.பி. டாக் கிடைத்தால் ஃபோகஸை நான்கு ஜூம் இடத்தில், ஒவ்வொன்றுக்கும் நான்கு தூரத்தில் சரி செய்யலாம். 600 மி.மீ.யில் எஃப் 6.3 என்பதால் 200-500-ஐவிட மூன்றில் ஒரு ஸ்டாப் வெளிச்சம் குறைவு. அது பெரிய விஷயமே இல்லை.

பழைய டி90 வைத்திருப்பவர்கள் 200-500-ஐ வாங்க வேண்டாம். அது இ வகை, அப்பெர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துவாரத்தை) மின்சாரத்தால் இயக்கும். டி90-இல் அப்பெர்ச்சர் மூடாது, முழுத் திறப்பில் மட்டுமே எடுக்கலாம்.

லென்ஸின் மி.மீ.யை 1.4 மடங்காக்கும் கன்வெர்ட்டர் சேர்த்துத் தருகிறேன் என்றால் அதற்காக விலை ஏற்ற வேண்டாம். 200-500-இல் போட்டால் 700 எஃப் 8 ஆகும்; டி7200-இல் நடுப்புள்ளி ஒன்றுதான் எஃப் 8-இல் வேலை செய்யும். நகரும் பறவைக்கு ஆகாது.

செம்மண்:
ரெண்டாவது செட்டையே பார்க்கலாம்னு தோணுது. விக்கிறவர் தேவகோட்டைக்காரர்தான். முழுப்பணத்தையும் பிடிச்சு வெச்சுக்கிட்டு ரெண்டு நாள் வீட்ல வெச்சுப் பார்க்கத் தர்றேன்னு சொல்றார். ஸ்க்ரூ டிரைவர் அண்ணே, எங்க ஆரம்பிக்கணும்?

ஸ்க்ரூ டிரைவர்:
காரைக்குடிக்காரருக்குப் பழம்பொருள் பார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பித்தளை அடுக்கைத் தட்டிப் பார்த்து, ஒட்டு எங்கே இருக்கிறது என்று திருப்பிப் பார்ப்பீர்கள் அல்லவா? அதே பொறுமை போதும்.

பாடி. முதலில் திருகாணிகள். மவுண்ட் வளையத்திலும் அடிப்பக்கத்திலும் திருகாணித் தலையில் கீறலோ கறுப்பு வண்ணம் உரிந்த தடமோ இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்தது தவறல்ல, ஏன் திறந்தார்கள் என்பதற்குப் பதில் வேண்டும். பேட்டரி அறையிலும் டிரைபாட் துளையிலும் வெள்ளை அல்லது பச்சைத் தூள் படிந்திருந்தால் உப்புக் காற்றோ தண்ணீரோ உள்ளே போயிருக்கிறது. தொண்டிக் கடற்கரை பக்கம் என்பதால் நம் வட்டாரக் கேமராவில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உப்பு ஏறிய பாடி இன்று ஓடும், ஆறு மாதத்தில் ஏதாவது ஒரு இணைப்பு அரித்துப் போகும். அதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

ஷட்டர் சோதனைக்கு வெள்ளைச் சுவரை 1/8000-இல் பத்து, இருபது படம் தொடர்ச்சியாக எடுங்கள். எல்லாம் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழுந்தாலோ, நடுவில் ஒன்றிரண்டு படம் மங்கினாலோ திரை சோர்ந்துவிட்டது. வீட்டுக்குள் டியூப்லைட், எல்.இ.டி. வெளிச்சத்தில் இதைச் செய்யக் கூடாது. விளக்கின் துடிப்பே பட்டையாக விழுந்து ஏமாற்றும். பகல் வெளிச்சம் விழும் சுவர் வேண்டும்.

சென்சாருக்கு: எஃப் 16, தெளிந்த வானம், ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து ஒரு படம். மங்கலான வட்டப் புள்ளிகள் தூசி, துடைத்தால் போகும். நடுவில் வெளிச்சமும் ஓரம் கறுப்புமாக வளையம் தெரிந்தால் எண்ணெய்த் துளி, அதுவும் சுத்தம் செய்யக் கூடியதே. ஊதிய பின்னும் அதே இடத்தில் கூர்மையான கோடு நின்றால் கீறல். அடுத்து மூடி போட்டு ஐ.எஸ்.ஓ 1600-இல் 1/60 ஒன்று, 10 நொடி ஒன்று. 10 நொடியில் சில வண்ணப் புள்ளிகள் வருவது இயல்பு. 1/60-இலும் நிறைய வந்தால் யோசியுங்கள்.

டி7200-இல் இரண்டு எஸ்.டி. கார்டு இடம் உண்டு, இரண்டிலும் கார்டு போட்டு எழுதிப் பாருங்கள். (7டி மார்க் 2 பார்ப்பவர்கள் சி.எஃப். கார்டு துளைக்குள் டார்ச் அடித்து ஊசிகள் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று வளைந்தாலும் கார்டு ஏறாது.) மெனுவில் பேட்டரி தகவலைத் திறந்தால் அதன் வயது 0 முதல் 4 வரை காட்டும், 0 புதிது, 4 என்றால் மாற்ற வேண்டியது. கைப்பிடி ரப்பர் ஊதிக் கழன்று வருவது நிக்கானில் சாதாரணம், மாற்றச் செலவு கொஞ்சம்தான், பேரம் பேச உதவும். எல்லாச் சக்கரங்களையும் ஒவ்வொரு கிளிக்காகத் திருப்புங்கள். திசைப் பொத்தானை எட்டுத் திக்கிலும் அழுத்துங்கள். செம்மண் புழுதி அதன் அடியில் ஏறி ஒரு திசை மட்டும் வேலை செய்யாமல் போவது அடிக்கடி நடக்கும்.

லென்ஸ். கைபேசி டார்ச்சை முன்பக்கம் சாய்வாக அடித்துப் பின்பக்கம் வழியாகப் பாருங்கள், பிறகு மாற்றி. நிக்கான் ஜி வகையில் கழற்றினால் அப்பெர்ச்சர் மூடியிருக்கும், பின்னாலுள்ள சிறு நெம்பை விரலால் தள்ளித் திறந்து பாருங்கள். நாலைந்து தூசித் துகள் எந்தப் பழைய லென்ஸிலும் உண்டு, படத்தில் தெரியாது. சிலந்தி நூல்போலக் கிளை விட்டுப் படர்ந்தால் பூஞ்சை. பால் படிந்தது போல் மொத்தமும் மங்கினால் எண்ணெய் ஆவி படிந்த புகைச்சல். ஓரத்தில் வானவில் நிறத்தில் தீவு தீவாகத் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன, அதைச் சரி செய்ய முடியாது. முன்கண்ணாடியில் ஒரு கீறல் படத்தை அதிகம் கெடுக்காது. பின்கண்ணாடியில் அதே கீறல் கெடுக்கும்.

அப்பெர்ச்சருக்கு: ஒரே காட்சியை எஃப் 5.6, 8, 11, 16-இல், ஷட்டரை அதற்கேற்ப மாற்றி எடுங்கள். நான்கும் ஒரே வெளிச்சத்தில் வர வேண்டும். 11, 16-இல் படம் வெளுத்தால் இதழ்கள் ஒட்டிக்கொண்டு தாமதமாக மூடுகின்றன. கேனானின் பழைய தள்ளு-இழு 100-400 பார்ப்பவர்கள் இதை ஜூமின் ஒவ்வொரு நிலையிலும் செய்யுங்கள். அதில் அப்பெர்ச்சருக்குப் போகும் நாடாக் கம்பி ஜூமோடு மடங்கி மடங்கி அறும். அறுந்தால் முழுத் திறப்பில் ஒழுங்காக எடுத்து, எஃப் 8 வைத்தவுடன் எர்ர் 01 காட்டும்.

வி.ஆர்: 500 மி.மீ.யில் பாதி அழுத்தினால் வியூஃபைண்டரில் காட்சி மிதந்து அமர வேண்டும். குதித்தாலோ ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போனாலோ பழுது. கழற்றிக் குலுக்கும்போது உள்ளே லேசாகக் கடகடப்பது வி.ஆர் கண்ணாடிக் குழு, அதற்குப் பயப்பட வேண்டாம். ஃபில்டர் வளையத்தில் நசுங்கல் இருந்தால் லென்ஸ் விழுந்திருக்கிறது. அப்போது படத்தின் இடம், வலம் இரண்டு ஓரமும் சமமாகக் கூர்மையா என்று கட்டாயம் பாருங்கள்.

பனங்காடை:
அண்ணன் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஃபோகஸை மிகக் கிட்டத்திலிருந்து முடிவிலி வரை இருபது முறை ஓடவிடுங்கள், லிமிட்டர் முழுமையில் ஒரு சுற்று, 6 மீட்டரில் ஒரு சுற்று. நடுவில் தயங்குவது, ஒரே இடத்தில் திக்குவது எல்லாம் பத்தாவது முறைக்குப் பிறகுதான் வெளியே வரும். லென்ஸைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டும், வானம் பார்க்க வைத்தும் ஓட்டுங்கள். எடையை மேலே தள்ள வேண்டி வரும்போது சோர்ந்த மோட்டார் காட்டிக்கொடுத்துவிடும்.

செம்மண்:
ஆளுக்கொரு கும்பிடு. இன்னைக்கு மத்தியானம் வாங்கிட்டு வந்துட்டேன். பாடில நீங்க சொன்ன எல்லாம் பார்த்தாச்சு, சுத்தம். ஷட்டர் 38,412. பேட்டரி வயசு 1.

லென்ஸ்தான் குழப்புது. மொட்டைமாடில இருந்து கொப்புடையம்மன் கோவில் கோபுரத்தை 500-ல எடுத்தேன். ஒரு படம்கூடக் கூர்மை இல்ல, எஃப் 8-லயும் மாவு மாதிரி இருக்கு. 1/2000 வெச்சிருந்தேன், கை ஆட்டம் இல்ல. திருப்பிக் குடுத்துடவா?

கண்மாய்க்கரை:
எத்தனை மணிக்கு எடுத்தீங்க?

செம்மண்:
ரெண்டரை மணி.

கண்மாய்க்கரை:
அப்ப லென்ஸைக் குத்தம் சொல்லாதீங்க. அது கானல். தளத்து ஓடும் தெருவும் கொதிச்சு மேல எழும்புற சூடான காத்து ஒளியை வளைச்சுக்கிட்டே இருக்கும். 500 மி.மீ. அந்த வளைவையும் சேர்த்துத்தான் பெருசாக்கும். ஷட்டரை எவ்வளவு ஏத்துனாலும் போகாது, எஃப் மாத்துனாலும் போகாது. அடுத்தடுத்த படத்தைத் தட்டிப் பாருங்க, கோபுரத்தோட விளிம்பு ஒவ்வொண்ணுலயும் வேற மாதிரி நெளியும். லென்ஸ் பழுதா இருந்தா எல்லாத்துலயும் ஒரே மாதிரி மங்கியிருக்கும்.

நம்ம ஊர் வெயில்ல ஒன்பது மணிக்கு மேல தூரத்துப் பறவை எடுக்கறதும் இதே கதைதான். நல்ல லென்ஸை மத்தியானம் சோதிச்சுட்டு மட்டம்னு திருப்பிக் குடுத்தவங்க நிறையப் பேர்.

காலையில வீட்டுக்குள்ளயே சோதிங்க. செட்டிநாட்டு வீடு இருக்கும்போது இதுக்குன்னு தனி இடம் எதுக்கு? முகப்பு வாசல்ல இருந்து வளவு வழியா ரெண்டாங்கட்டு வரைக்கும் ஒரே நேர்கோடு. காத்து கிடையாது, கானல் கிடையாது, வளவுல வானத்து வெளிச்சம் விழும். கீழ ஆத்தங்குடிக் கல்லு பாவியிருந்தா அதுவே அளவுகோல்.

கேமராவை டிரைபாட்ல முழங்கால் உயரத்துக்கு வைங்க. வி.ஆர் அணைச்சுடுங்க. 10 மீட்டர் தள்ளி, ரெண்டு கல்லு சேர்ற கோட்டுல எழுத்து அச்சடிச்ச அட்டைப் பெட்டியை நேரா நிக்க வைங்க. 500 மி.மீ., எஃப் 5.6, ரெண்டு நொடி டைமர். அந்தத் தூரத்துல கூர்மையா விழற ஆழம் மொத்தமே 9 செ.மீ.தான், எட்டு அங்குலக் கல்லுல பாதிகூட இல்ல. பெட்டியில ஃபோகஸ் பிடிச்சு எடுத்துட்டு, தரையில எந்தக் கல்லோட பூவேலை கூர்மையா இருக்குன்னு பாருங்க. லைவ் வியூல (பின்திரையில பார்த்து) அஞ்சு, வியூஃபைண்டர்ல பத்து. ஒவ்வொரு தடவையும் ஃபோகஸைக் கலைச்சுட்டுப் புதுசாப் பிடிக்கணும், ஒருக்கா கிட்டத்துல இருந்து, ஒருக்கா முடிவிலில இருந்து.

செம்மண்:
காலைல ஏழு மணிக்குப் பண்ணிட்டேன். லைவ் வியூல அஞ்சும் பெட்டியோட எழுத்து கத்தி மாதிரி இருக்கு. அப்பாடான்னு இருந்துச்சு. வியூஃபைண்டர்ல எடுத்த பத்துல ஒன்பதுல பெட்டி லேசா மங்கல், பெட்டிக்கு முன்னாடி அரைக் கல்லு தள்ளி, கேமரா பக்கமா இருக்கற பூ கூர்மை. பத்தாவது மட்டும் இன்னும் கொஞ்சம் முன்னாடி. 200 மி.மீ.ல எடுத்தா எல்லாம் சரியாவே இருக்கு.

ஸ்க்ரூ டிரைவர்:
நல்ல செய்தி. லைவ் வியூவில் கூர்மை வருகிறது என்றால் கண்ணாடிகள் சரியான இடத்தில் இருக்கின்றன. வியூஃபைண்டர் வழியில் ஃபோகஸ் அளக்கும் சென்சார் தனி. அதற்கும் லென்ஸுக்கும் சிறு முரண். பத்தில் ஒன்பது ஒரே இடத்தில் விழுவதுதான் முக்கியம். ஒரே பக்கம் ஒரே அளவு தவறினால் திருத்தலாம். ஒன்று முன்னே, ஒன்று பின்னே என்று சிதறியிருந்தால் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருப்பேன்.

டி7200-இன் செட்டப் மெனுவில் ஏ.எஃப். ஃபைன் டியூன் இருக்கிறது. −20 முதல் +20 வரை. ஃபோகஸ் முன்னே விழுகிறது, அதனால் கூட்டல் பக்கம் போக வேண்டும். கூட்டல் ஃபோகஸைக் கேமராவிலிருந்து தள்ளிவைக்கும். +5, +10, +15 என்று மூன்று நிலையில் பத்துப் பத்துப் படம் எடுத்து, நெருங்கிய இடத்தில் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள். நிக்கானில் ஒரு லென்ஸுக்கு ஒரே எண்தான், ஜூமுக்கு ஏற்ப மாறாது. நீங்கள் அதிகம் எடுக்கப் போவது 500-இல் என்பதால் அங்கே சரி செய்யுங்கள். 200-இல் ஃபோகஸ் ஆழம் அதிகம், இந்தச் சிறு மாற்றம் அங்கே அவ்வளவாகத் தெரியாது. +20-உம் போதவில்லை என்றால் சர்வீஸ் வேலை, விலையில் கழிக்க வேண்டும்.

இந்த வசதி டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் இல்லை. கேனானில் 60டி-யில் இல்லை, 70டி, 80டி-யில் உண்டு. பழைய நீள லென்ஸ் வாங்குபவர்கள் பாடி தேர்ந்தெடுக்கும்போது இதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

நாரைக்கணக்கு:
இன்னும் இரண்டு மாதத்தில் வடகிழக்கு மழை. பூஞ்சைக்கு அதுதான் பருவம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். தோல் பெட்டி, துணிப் பை, மர பீரோ மூன்றும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பழைய வீட்டு பீரோ எவ்வளவு அழகாக இருந்தாலும் லென்ஸுக்கு ஆகாது.

ரப்பர் வளையம் போட்டு இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, அரைக் கிலோ நிறம் மாறும் சிலிக்கா ஜெல், உள்ளே ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர். 40 முதல் 50 வரை வைத்துக்கொள்ளுங்கள். 30-க்குக் கீழே காயவிட்டால் உள்ளிருக்கும் மசகுக்கும் ரப்பருக்கும் நல்லதல்ல. நீல ஜெல் இளஞ்சிவப்பானால் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்து, நன்றாக ஆறிய பிறகு மறுபடி போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. அரிசிக்குள் லென்ஸைப் புதைத்து வைக்காதீர்கள். தவிட்டுத் தூள் ஜூம் இடுக்கில் ஏறிவிடும்.

ஏ.சி. காரில் வேட்டங்குடி போனால் இறங்கியவுடன் பையைத் திறக்க வேண்டாம். அரை மணி மூடியே இருக்கட்டும், இல்லையென்றால் முன்கண்ணாடி முழுக்கப் பனி படியும். துடைத்தாலும் உடனே வரும்.

கண்மாய்க்கரை:
2300 கிராமுக்கு டிரைபாட் வாங்க இப்பவே காசு போடாதீங்க. கெட்டித் துணியில கால்சட்டைக் கால் மாதிரி ரெண்டு அறை தைச்சு, அறைக்கு ஒண்ணரைக் கிலோ கேழ்வரகு போட்டு வாயைத் தைச்சுடுங்க. கண்மாய்க் கரைச் சுவர், கார் ஜன்னல், ரெண்டுலயும் அசையாம உட்காரும். மழைக்காலத்துல தானியம் நமுத்துப் புழு வைக்கும், மாசத்துக்கு ஒருக்கா வெயில்ல காயப்போடணும்.

குடிதண்ணி ஊருணிக் கரையில உட்கார்றதா இருந்தா செருப்பை வெளியவே கழட்டிடுங்க, நம்ம ஊர் வழக்கம் உங்களுக்கே தெரியும். வேட்டங்குடில கூடு இருக்கற மரத்துக்குக் கிட்டப் போகாதீங்க. பெரிய பறவை எழுந்து போனா முட்டைக்கும் குஞ்சுக்கும் வெயில் அடிக்கும், காக்கா வந்துடும். 1977-ல சரணாலயம்னு அறிவிச்சதுக்கு முன்னாடியே கொள்ளுக்குடிப்பட்டி ஜனங்க அந்தப் பறவைகளைக் காப்பாத்தி வந்தவங்க. தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்கறதில்ல. அவங்க கரையில நிக்கிறோம்ங்கற நினைப்பு இருக்கணும்.

செம்மண்:
+9-ல சரியா உட்கார்ந்துடுச்சு. பத்துல ஒன்பது பெட்டி எழுத்து லைவ் வியூ மாதிரியே வருது.

கடைசியா ஒண்ணு. ராத்திரி விளக்கை அணைச்சுட்டு டார்ச் அடிச்சப்ப, முன்பக்கக் கண்ணாடிக்கு உள்ள, ஓரத்துல, நகம் அளவுக்கு மெல்லிசா நூல் மாதிரி தெரியுது. பகல்ல தெரியல. இது பூஞ்சையா?

ஸ்க்ரூ டிரைவர்:
ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கிளை விட்டிருக்கிறதா, அல்லது ஒரே நீள இழையா? கிளை இருந்தால் பூஞ்சை. ஒரே இழை, நிறம் கொஞ்சம் மாறியிருந்தால் தூரிகை மயிரோ துணி நூலோ.

செம்மண்:
மூணு கிளை இருக்கு அண்ணே.

ஸ்க்ரூ டிரைவர்:
அப்படியென்றால் பூஞ்சைதான், தொடக்க நிலை. முன்குழுவில், ஓரத்தில், இந்த அளவில் இருந்தால் படத்தில் எதுவும் தெரியாது. வெயிலில் வைத்தால் போய்விடும் என்பார்கள், வைக்காதீர்கள். வெயில் அதைக் கரைக்காது, மசகைத்தான் உருக்கும். முன்குழுவைக் கழற்றித் துடைப்பது அந்த லென்ஸில் பெரிய வேலை இல்லை. நாள்பட்டிருந்தால் பூச்சில் லேசான தடம் மட்டும் மிஞ்சும். இதே பூஞ்சை பின்குழுவிலோ வி.ஆர் குழுவிலோ இருந்திருந்தால் விட்டுவிடச் சொல்லியிருப்பேன்.

விற்பவரிடம் டார்ச் அடித்துக் காட்டுங்கள். அவருக்கே தெரியாமல் இருக்கலாம். சுத்தம் செய்யும் கூலியைக் கடையில் கேட்டு, அந்தத் தொகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக் குறைக்கச் சொல்வது நியாயம், ஏனென்றால் நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் இதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். மழைக்கு முன்பே சுத்தம் செய்துவிடுங்கள், அதுவரை வேறு லென்ஸோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். பில்லில் உள்ள சீரியல் எண்ணும், லென்ஸில் உள்ளதும், பெட்டியில் உள்ளதும் ஒன்றுதானா?

செம்மண்:
மூணும் ஒண்ணுதான். நாளைக்குக் காலையில தேவகோட்டை போய்ப் பேசிட்டு, பழைய பில்லுக்குப் பின்னாடியே அவர் கையெழுத்தும் தேதியும் ரெண்டு சீரியல் எண்ணும் எழுதி வாங்கிக்கிறேன்.